போசியில் கிடந்த புளி

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுப் பால் திரிந்துபோனது. பால்காரர் மேல் தப்பில்லை. மாட்டின் மேலும் தப்பில்லை. திரியவைத்தவன் அடியேன்தான்.

ஆனால் அந்தப் பால் திரிந்ததால்தான் ஒரு ப்ரோக்ராம் பிழைத்தது. என் மனைவியின் வேலை பிழைத்தது. எங்கள் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது... பாலுக்கும் ப்ரோக்ராமுக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் மனைவி கோமதியைத் தெரியும். என் சமையலைப் பற்றி நானே பெருமையாக எழுதியபோது, வீட்டுக்கு வந்த வாசகர் ஒருவரிடம், "அது ரசமில்லீங்க, வெந்நீர்" என்று உண்மையைப் போட்டு உடைத்தவள். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன் — கோமதி சாஃப்ட்வேர் இன்ஜினியர். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். நாங்கள் நாமக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்டோம். மகள் வளர்ந்து, "ஏம்மா, நீ மட்டும் எப்பவும் ஊட்லயே இருக்கறே?" என்று கேட்கிற வயசுக்கு வந்த பிறகு, கோமதி மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள்.

தேடினால் உடனே கிடைத்துவிடுமா? எல்லாம் போனில்தான் இன்டர்வியூ; எங்கேயும் அதே கேள்வி. "நடுவுல இத்தனை வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணினீங்க?" பிள்ளை வளர்த்தேன் என்றால் எதிர்முனையில் ஓர் 'ஓஹோ'. அதனால் கோமதி அந்த இடத்தில் எதையாவது போட்டு நிரப்புவாள். ஆன்லைன் கோர்ஸ், அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ்... எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஒரு படி இறங்கிவிடும். பக்கத்து அறையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெளிவாகவே தெரியும்.

கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. கோழிப்பண்ணைகளுக்கு வெயில் எச்சரிக்கை கொடுக்கிற சாஃப்ட்வேர் செய்கிறவர்கள்.

எங்கள் ஊரில் வெயில் என்றால் சும்மா இல்லை. மனுஷன் விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வான். ஷெட்டில் இருக்கிற கோழி எங்கே போகும்? சூடு ஒரு அளவைத் தாண்டினால் மத்தியானத்துக்குள் கொத்துக் கொத்தாகச் சரிந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஷெட்டிலும் சென்சார் வைத்து, சூடு, ஈரப்பதம், கோழி குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் சேமித்து, அலசி, "ஐயா, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபத்து, தண்ணீர் தெளிப்பானைப் போடுங்கள்" என்று போனில் மணி அடிக்க வேண்டும்.

கோமதிக்கு இது தாய்வீட்டு விஷயம். அவள் அப்பா ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். வீட்டிலிருந்தே வேலை. முதல் நாள் முடித்துவிட்டு எழுந்து வந்து, "கோழியத் தெரிஞ்சவ ஒருத்தி, கம்ப்யூட்டரத் தெரிஞ்சவ ஒருத்தின்னு ரெண்டு பேரத் தேடிட்டிருந்தாங்களாம். நான் ஒருத்தியே போதும்னுட்டாங்க" என்று சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் பண்ணையில் கருவியை மாட்டவேண்டிய வாரம் வரைக்கும்.

அந்த வாரம் ப்ரோக்ராம் படுத்துக்கொண்டது.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் மன்னிக்கவும். கோமதி பயன்படுத்துவது ஒரு டேட்டா அனாலிசிஸ் ஃப்ரேம்வொர்க். பெரிய குடோன் மாதிரி. வெறும் எண்களைக் கொடுத்தால் வாங்கி அடுக்கிக்கொள்ளும். தேதியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கோமதி தானே ஒரு புது உருப்படி செய்திருந்தாள் — 'ஷெட்' என்று பெயர். ஒரு ஷெட்டின் சூடு, கோழிகளின் வயசு, தண்ணீர், விசிறி எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை. இந்த மாதிரி சொந்தத் தயாரிப்புக்கு 'கஸ்டம் ஆப்ஜெக்ட்' என்று பெயராம். அதைக் குடோனில் வைக்கப் போனால்... திரையில் இரண்டு வார்த்தை. 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. அவ்வளவுதான். ஏன், எதற்கு, எங்கே — ஒன்றும் சொல்லாது. ப்ரோக்ராம் அப்படியே செத்து விழுந்துவிடும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்றேன். கணவனாகப் பிறந்தவன் வேறு என்ன யோசனை சொல்ல முடியும்?

"ஏனுங்க, நீங்க போயி அரிசியும் பருப்பும் வெய்யுங்க. அதே பெரிய உதவி" என்றாள்.

வைத்தேன். அடி பிடித்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணமாக என் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அரைப் பக்கத்துக்குக் குறையாமல் விமர்சனம் வரும்.

பாவம், அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். மூட்டையைப் பிரித்து எண்களை மட்டும் கொடுத்தாள் — ஜம்மென்று சேமித்தது. மூட்டையாகக் கொடுத்தாள் — விழுந்தது. வேறு லேப்டாப்பில் போட்டாள். விழுந்தது. ஃப்ரேம்வொர்க்கையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். விழுந்தது. இன்டர்நெட்டில் யார் யாரோ எழுதிய பதில்களைப் படித்துப் படித்துக் கண் சிவந்துபோனாள். அவர்கள் சொன்ன திருத்தத்தை எல்லாம் அவள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தாள்.

மேனேஜர் நல்ல மனுஷன்தான். போனில் தன்மையாகத்தான் சொன்னார். "கோமதி மேடம், வெள்ளிக்கிழமை பண்ணைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, சென்னை டீமுக்கு மாத்திடலாம். நீங்க டெஸ்டிங் பக்கம் இருந்துக்கலாம்."

தன்மையாகச் சொன்னால் வலிக்காதா என்ன?

போனை வைத்துவிட்டு வந்து சமையலறை மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த மேடையை. துடைத்துக்கொண்டே, "எனக்கு இனி வராதுங்க போல. விட்டுப்போச்சு" என்றாள்.

ஊரைப் பற்றியெல்லாம் வாராவாரம் வாய் கிழியப் பேசுகிற நான், அன்றைக்கு என் வீட்டில் நின்று முழித்தேன். சொந்தக்காரர்கள் ஏற்கெனவே, "என்ன கண்ணு, பொழுது போறதுக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலையாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை கையை விட்டுப் போனால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். அவளே அதை நம்பிவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா வருகிறார். பேங்க்கில் வேலை. கோமதி மேல் உயிர். என் சமையல் மேல் சந்தேகம். "பாவம் கண்ணு, வேலை வேலைன்னு கெடக்கறே, இத ஊத்திச் சாப்புடு" என்று ஒரு மூடிபோட்ட போசியில் கொள்ளு ரசம் கொடுத்தனுப்பியிருந்தார். போசி என்றால் பாத்திரம். எங்கள் பக்கத்துப் பேச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் கோமதி அந்தப் போசியைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். "அக்காவுக்குக் குடுத்துட்டு வந்துருங்க. காலையில பால் வாங்கறது இதுலதான்."

வாங்கியபோது போசி கனத்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கை புதுப்புளி. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது.

"இது எதுக்கு?"

"அடுத்தவங்க போசிய வெறுசாவா குடுப்பாங்க?"

இது எங்கள் வீடுகளில் சட்டம். யார் வீட்டுப் பாத்திரம் வந்தாலும் காலியாகத் திருப்பக் கூடாது. இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கோமதியின் பிறந்த வீட்டில் இது இன்னும் கொஞ்சம் அதிகம். 'காலி' என்ற சொல்லே அங்கே ஆகாது. அரிசி தீர்ந்தால் "அரிசி நெறைஞ்சுபோச்சு" என்பார்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை விற்று, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துச் சும்மா போட்டிருக்கும்போதுகூட, "ஷெட்டு காலியா இருக்குது" என்று என் மாமனார் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆறப் போட்டிருக்கறேனுங்க" என்பார்.

நான் போசியோடு போனேன். பாப்பாத்தியக்கா வீட்டு கேட் பூட்டியிருந்தது. திருச்செங்கோட்டில் ஏதோ கல்யாண வரவேற்பாம், எதிர்வீட்டில் சொன்னார்கள். சரி, வந்து எடுத்துக்கொள்வார் என்று காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வந்தேன்!

அந்தச் சுவர்மேல்தான் தினமும் பால் போசி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பால்காரர் வரும் நேரத்தில் நான் எழுந்தது கிடையாதே.

வெள்ளிக்கிழமை காலை. கோமதி சரியாகத் தூங்காத முகத்தோடு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டும். சென்னை டீமுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்வதாக முடிவு செய்துவிட்டாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பாப்பாத்தியக்கா வந்தார். கையில் போசி. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"ஏங் கண்ணு கோமதி, இதப் பாரு."

எட்டிப் பார்த்தோம். பால் திட்டுத் திட்டாக நின்றது. நடுவில் பழுப்பாக ஒரு புளி உருண்டை, தீவு மாதிரி.

நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஐயோ அக்கா... பால்காரரு பாக்கலீங்களா?"

"இருட்டுல வாரவன் எதைப் பாப்பான்? அவன எதுக்குக் குத்தஞ் சொல்றது? பால் போசின்னா வெறும்போசியாத்தான இருக்கோணும்! மூடியத் தொறந்தான், ஊத்தினான், போயிட்டான். நானும் அடுப்புல சாய்க்கலாம்னு மூடியத் தொறக்கறேன், நடுவுல குந்தியிருக்குது உன்ற புளி!" அக்கா சிரித்துவிட்டார். "சேந்தாப்புல கொழம்பும் வெச்சிருக்கலாம். இனிமே போசிய வெறும்போசியாவே குடு சாமி. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

கோமதி சிரிக்கவில்லை. போசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த வாளி சாய்ந்து தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது.

"வெறும்போசியாத்தான் இருக்கோணும்..." என்று முனகினாள்.

அப்புறம் வாளியை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை, வாங்க காப்பி குடிக்கலாம் என்றும் சொல்லவில்லை. பாப்பாத்தியக்கா என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டாளா தம்பி?"

"தெரியலீங்கக்கா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று எங்கள் பாலில் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "திரிஞ்ச பாலே தேவல" என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து கீபோர்டு சத்தம். படபடவென்று. அப்புறம் அமைதி. அப்புறம் கோமதியின் குரல்: "ச்சே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் அதே இரண்டு வார்த்தை. செக்மென்டேஷன் ஃபால்ட்.

"இல்லீங்க, இருங்க இருங்க" என்றாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவசரத்துல பழைய ப்ரோக்ராமையே ஓட்டிட்டேன்."

மறுபடி தட்டினாள். எழுத்துகள் வரிசையாக ஓடின... ஓடின... நின்றன. விழவில்லை. சேமித்தாகிவிட்டது என்று ஒரு வரி. சேமித்ததைத் திரும்பத் திறந்தாள். ஷெட், ஷெட், ஷெட் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. உள்ளே சூடு, தண்ணீர், கோழி வயசு எல்லாம் பத்திரம்.

கோமதி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா... இரண்டும்தான். பாப்பாத்தியக்கா காப்பி டம்ளரோடு வந்து, விஷயம் என்னவென்றே தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். "போனாப் போவுது கண்ணு, ஒரு போசிப் பாலுதான" என்றார்.

அப்பாடா! எத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் அது! நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று அப்புறம் சொன்னாள். அந்தக் குடோன் இருக்கிறதே, ஃப்ரேம்வொர்க்... அது ஒரு 'ஷெட்'டைச் சேமிப்பதற்கு முன்னால் தனக்கென்று ஒரு வெறும் ஷெட்டைச் செய்துகொள்ளுமாம். உள்ளே ஒன்றுமே இல்லாத ஷெட். அப்புறம் அதில் தானே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளும். பால்காரர் மாதிரி. வெறும்போசி இருக்கிறது என்று நம்பி, பார்க்காமல் ஊற்றும்.

ஆனால் 'காலி' என்றே சொல்லாத வீட்டில் பிறந்த கோமதி வெறும் ஷெட்டை எப்படிச் செய்வாள்?

"யாராவது ஒண்ணுமே குடுக்காம ஷெட்டு கேட்டா, சும்மா வெறுசாக் குடுக்க வேண்டாமேன்னு, அதுவே போயி சென்சார்ல இருந்து இன்னைக்குச் சூட்டை எடுத்துப் போட்டுக்கற மாதிரி எழுதி வெச்சிருந்தேனுங்க" என்றாள். "வீட்டு லேப்டாப்புல ஏது சென்சார்? இல்லாத எடத்துல போயித் தேடி உழுந்துருக்குது."

"அந்தச் சூட்டுக்குன்னு நாலு வரிதான எழுதியிருக்கே. அது கண்ணுல படலியா?"

"எப்பிடிங்க படும்? அது தப்புன்னே தோணலியே. தெனமும் அந்த வரியத் தாண்டித்தான் போனேன். பாக்கறப்பெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு நெனச்சேன்."

இதுதான் எனக்குத் தலையைச் சுற்றியது. இன்டர்நெட்டில் பதில் எழுதிய வெள்ளைக்காரர்கள் யாருக்காவது இந்தத் தப்பு வருமா? அவர்கள் வேறு விதமாகத் தப்பு செய்வார்கள். வெறும் ஷெட்டில் மரியாதைக்கு ஒரு பிடி சூடு போட்டு அனுப்புகிற தப்பை ராசிபுரத்துப் பண்ணைவீட்டுப் பெண்தான் செய்ய முடியும். அதைக் கண்டுபிடிக்கவும் அவளால்தான் முடிந்தது.

அந்த நாலு வரியை அழித்தாள். அவ்வளவுதான் வைத்தியம்.

யோசித்துப் பார்க்கிறேன்... காலியாக எதையும் விட நமக்கு மனசே வருவதில்லை, இல்லையா? பர்ஸ் பரிசளித்தால் உள்ளே ஒரு நாணயம். பிள்ளைக்குக் கோடை லீவு விட்டால் உடனே நீச்சல், ஹிந்தி, கீபோர்டு. ரிட்டயரான மனுஷனை நிம்மதியாக உட்கார விடுகிறோமா? "அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?" பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்த பெண்ணிடம், "கேப்புல என்ன பண்ணினீங்க?" அவளும் பாவம், அந்த வருஷங்களில் எதையாவது அள்ளிப் போட்டு நிரப்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. காலியாகவே கொடுத்தால்தான் என்ன? வாங்குகிறவனுக்கு ஊற்றத் தெரிந்திருந்தால் போதாதா?

கோமதி மத்தியானம் மேனேஜருக்குப் போன் செய்தாள். நான் வழக்கம்போல் பக்கத்து அறையில். "சரியாயிடுச்சு சார். சாயங்காலமே மாட்டிடலாம்" என்றாள். என்ன தப்பு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "நான் எழுதினதுதான் சார் தப்பு. கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். குரல் இறங்கவே இல்லை. சென்னை டீம் பற்றி இருவருமே பேசவில்லை.

சாயங்காலம் ராசிபுரம் பக்கத்துப் பண்ணையில் கருவி ஏறியது. அடுத்து வந்த நாள்களில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மத்தியானம் பண்ணைக்காரர் நல்லசிவத்திடமிருந்து போன். "அம்மிணி, உங்க கருவி மணி அடிச்சுதுங்க. நான் சந்தைக்குக் கெளம்பி வண்டியில ஏறிட்டேன். எறங்கிப் போயித் தண்ணியத் தெளிச்சுட்டேன். கோழி எல்லாம் தெம்பா நிக்குதுங்க." கோமதி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எனக்காகத்தான் போட்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு, "சரிங்க, ரொம்பச் சந்தோசமுங்க" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போய் என் அரிசிம்பருப்பைச் சாப்பிட்டுவிட்டு உப்பு, காரம், பருப்பு, என் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் பற்றி விளக்கமாகப் பேசினாள். காதுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் நல்லசிவம் குழி குழியாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை நிறைய முட்டை கொடுத்தனுப்பினார். தீர்ந்ததும் — மன்னிக்கவும், நிறைந்ததும் — அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி நேற்று என்னிடம் நீட்டினாள். ஒரு குழியில் மஞ்சளாக ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, இத்தனை பட்டும் புத்தி வரலியா?" என்றேன்.

"அது மெஷினுங்க, வெறுசா வாங்கிக்கும். இவங்க மனுசங்க" என்றாள்.

எலுமிச்சம்பழம் மட்டும்தானா, வேறு குழியில் புளி இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.